காலிக் கட்டத்தில் நான் போட்ட அறுபத்தெட்டு

பள்ளி மென்பொருளின் பொறுப்பைப் புது ஆசிரியர்களான உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலாக்காவில் நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளியில் ஐந்தாறு ஆண்டுகள் அந்தப் பொறுப்பு என்னிடம்தான் இருந்தது. நான் பயந்த சுபாவம். கேஸை அடைத்தேனா என்று பாதி வழியில் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவள். அப்படிப்பட்ட என் கையிலேயே இந்தத் தவறு நடந்தது என்றால், தைரியசாலிகளான உங்களை நினைத்து எனக்குக் கவலை வராமல் இருக்குமா?

மென்பொருளை எப்படி இயக்குவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே தாளில் நடக்கும் பொதுச் சோதனையின் புள்ளிகளை ஏற்றினால் பிள்ளைகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்து வரும். சிவப்பில் வருகிற பிள்ளை பின்தங்கிப் போகும் ஆபத்தில் இருக்கிறது, உடனே கவனி என்று பொருள். அந்தப் பட்டியல் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகும். அங்கிருந்து ஆலோசகர் வருவார், வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார், தேவைப்பட்டால் கூடுதல் ஆசிரியரை அனுப்புவார்கள். செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கு இது பெரிய உதவி. மென்பொருளைத் திட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கொடுத்த எண்களை வைத்துக்கொண்டு அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. சோதனையன்று வராத பிள்ளையின் கட்டத்தைக் காலியாக விட்டால் அறிக்கை மூடாது. 'வரவில்லை' என்று குறிக்கலாம், ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணம் எழுதி, எம்.சி. என்கிற மருத்துவச் சான்றிதழோ பெற்றோர் கடிதமோ இணைக்க வேண்டும். வராதவர் எண்ணிக்கை கூடினால் இலாகாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எனவே எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வழக்கம் உண்டானது. நன்றாகப் படிக்கிற பிள்ளை சோதனைக்கு வராவிட்டால், போன சோதனையில் எடுத்த புள்ளியையே இந்தச் சோதனைக்கும் போட்டுவிடுவது. இதற்கு எங்களுக்குள் ஒரு பெயரும் இருந்தது. பழைய சோறு.

"டீச்சர், ரெண்டு கட்டம் காலியா இருக்கு," என்பார் ஒருவர்.

"பழைய சோத்தப் போட்டு முடிங்கலா. நல்ல புள்ளதானே," என்பார் இன்னொருவர்.

சிரித்துக்கொண்டேதான் செய்தோம். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. பிள்ளை வந்திருந்தால் எப்படியும் அதைத்தான் எடுத்திருக்கும் என்று எங்களை நாங்களே நம்ப வைத்துக்கொண்டோம். பழைய சோறு போடுவதில் நான் கெட்டிக்காரி. இரண்டு நிமிடத்தில் அறிக்கையை மூடிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் தர்ஷினி என்று ஒரு பெண் இருந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு வருவாள், அதிகம் பேசமாட்டாள். அம்மா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியுமுன்பே தொழிற்சாலை பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பாவுக்கு உம்பாயில் மீன் சுடும் கடையில் இரவு வேலை. அவர் வந்து படுக்கிற நேரத்துக்கு அம்மா கிளம்பிவிடுவார். பிள்ளை தானே எழுந்து, தானே சீருடை போட்டு, வேன் ஏறி வரும். அந்த வகுப்பின் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருந்ததால் தற்காலிக ஆசிரியர்கள் மாறி மாறி வந்தார்கள். புள்ளிகளை ஏற்றும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டின் இரண்டாம் சோதனை முடிந்திருந்தது. பட்டியலை வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். வியாழக்கிழமை காலை சிவப்புப் பெயர்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். கண்ணாடியை மறந்து வந்ததால் தவறுதலாகப் பச்சையை அழுத்திவிட்டேன். பச்சைப் பிள்ளைகளின் புள்ளி ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடுகள் வரிசையாக வந்தன. மேலும் கீழுமாகப் போன கோடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராகப் போனது. தர்ஷினி. கணிதம் அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. தமிழ் எழுபத்து நான்கு, மூன்று தடவையும். பக்கத்தில் மென்பொருள் 'நிலையான மாணவி' என்று வேறு எழுதியிருந்தது.

மென்பொருள் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பத்து வயதுப் பிள்ளையின் புள்ளி ஒரே இடத்தில் நிற்குமா? காய்ச்சல் வந்தால் இறங்கும், புதுப் பென்சில் கிடைத்தால் ஏறும். மென்பொருள் நிறுவனத்தைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பழைய சோறு நினைவுக்கு வந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நான்காம் ஆண்டின் கடைசிச் சோதனைக்கு வந்திருக்கிறாள். இந்த ஆண்டு இரண்டு சோதனைகளுக்கும் வரவில்லை. மற்ற நாள்களில் பெரும்பாலும் வந்திருக்கிறாள். சோதனை நாள்களில் மட்டும் இல்லை. இரண்டு தடவையும் அந்தக் கட்டங்களை நிரப்பிய கை என்னுடையது.

அவளை அறைக்குக் கூப்பிட்டேன். திட்டக் கூப்பிட்டேன் என்று நினைத்துக் கதவோரமாகவே நின்றாள்.

"சோதனையன்னைக்கு ஏன்மா வரல?"

"காய்ச்சல் டீச்சர்."

"ரெண்டு தடவயுமா?"

மேசையில் தமிழ்ப் பாடநூல் கிடந்தது. எதையாவது செய்யவேண்டுமே என்று அதைத் திறந்து ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். தடங்கலில்லாமல் வாசித்தாள். கணீரென்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தாள். அப்பாடா என்றிருந்தது. போதும் என்று சொல்லாமல், ஏன் என்று தெரியவில்லை, கையை நீட்டி அடுத்த தாளைத் திருப்பினேன். அவள் நிற்கவில்லை. பழைய பக்கத்தையே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து வாசித்துக்கொண்டு போனாள்.

சோதனைத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தலையைச் சாய்த்து, இடப்பக்கம் திருப்பி, தாளை முகத்தருகே கொண்டுபோனாள். ஒரு வரியில் நாலு எழுத்துப் படித்தாள், நின்றாள், அடுத்த வரிக்குப் போய்விட்டாள், மறுபடி தேடினாள்.

"எழுத்து காணாமப் போவுது டீச்சர்," என்றாள்.

"எப்பருந்துமா?"

"தெரியல. வேன்ல என் கூட்டாளி பாடத்த வாசிச்சுக் காட்டும். நான் மனசுல வச்சிக்குவேன். சோதனையில தனித்தனியா உக்கார வைப்பாங்கல்ல, அதான் வரல." அதுவரை அழாதவள் இப்போது அழுதாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர். கண்ணு தெரியாதவங்க படிக்கிற வேற ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க."

பாடநூலை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். பொதுச் சோதனைத்தாள் புதிது, பக்கத்தில் கூட்டாளியும் இல்லை. அந்தப் பிள்ளையின் கண்ணில் கோளாறு இருப்பதைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே இடம் அந்தச் சோதனைதான். அங்கே நான் அறுபத்தெட்டைப் போட்டு மூடிவைத்திருந்தேன்.

தலைமையாசிரியர் அறைக்கு ஓடினேன். நல்ல மனிதர். தன் காரிலேயே காய்ச்சல்காரப் பிள்ளைகளை வீட்டில் விட்டு வருகிறவர். நான் சொல்லி முடித்ததும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"புள்ளய இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா சிஸ்டத்தத் தொடாதீங்க டீச்சர்."

"மார்க்கு தப்பு சார்."

"தெரியுதுலா. இத மாத்தணும்னா இலாகாவுக்குக் காரணம் எழுதணும். ஒன்னு தொறந்தா எல்லாத்தையும் தொறக்கச் சொல்லுவாங்க. நாம எத்தன புள்ளைக்குப் பழைய சோறு போட்டிருக்கோம், சொல்லுங்க?"

"தெரியல சார்."

"அதான் சொல்றேன். புள்ளைக்கு வைத்தியம் கெடச்சாப் போதும். நம்பர மாத்தி அது கண்ணுக்கு என்னா ஆவப்போவுது?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது விளக்கக் கடிதம் எழுத யாருக்கு ஆசை? "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் தர்ஷினியின் புள்ளிப் பட்டியலை அந்தக் கோட்டோடு அச்சடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டேன். கோப்பு இல்லாமல் பள்ளி வாசலைத் தாண்டாத ரகம் நான்.

ஆயர் குரோவில் தொழிற்சாலை வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். நீலச் சட்டையும் தலையில் துணித்தொப்பியுமாக ஓடி வந்தார். காரில் மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. "என்னாச்சு டீச்சர், என்னாச்சு" என்று ஆஸ்பத்திரி போகிறவரை கேட்டுக்கொண்டே வந்தார். கண் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறதாம், பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு சமிக்ஞை விளக்கிலும் சிவப்பு.

கண் பிரிவில் காத்திருந்த நேரத்தை என்னால் இப்போதும் கணக்காகச் சொல்ல முடியாது. அம்மா தொப்பியைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். என் கையில் கோப்பு. உள்ளே கூப்பிட்டார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், மறுபடி வெளியே அனுப்பினார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி, இளவயது. விளக்கை வைத்து ஒவ்வொரு கண்ணையும் நெடுநேரம் பார்த்தார். இடது கண்ணை இரண்டு தடவை பார்த்தார். அப்போதே எனக்குப் பகீரென்றது.

"செஜாக் பிலா?" என்று கேட்டார். எப்போதிலிருந்து என்று அம்மாவிடம் கேட்கிறார். அம்மா என்னைப் பார்த்தார். பள்ளியில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று மருத்துவர் என்னிடம் திரும்பினார். அவர் கேட்டதும் என் கை தானாகக் கோப்பைத் திறந்து தாளை நீட்டிவிட்டது. அதைத்தான் சொல்கிறேன், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யவில்லை.

மருத்துவர் தாளைப் பார்த்தார். விரலால் அந்த நேர்கோட்டின் மேல் தடவிக்கொண்டு போனார். பிறகு மெதுவாக, எங்கள் இருவருக்கும் புரியும்படி மலாயில் விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. அது பார்வை நரம்பைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது, மிச்சத்தைத்தான் காப்பாற்றலாம். இது அண்மையில் திடீரென்று ஏறியது என்றால் மருந்து போட்டுச் சில வாரங்கள் பார்க்கலாம். நாள்பட்டது என்றால் காத்திருக்கக் கூடாது, அறுவை சிகிச்சைக்கு இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும். "நரம்பைப் பார்த்தால் நாள்பட்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இந்தத் தாளைப் பார்த்தால் போன மாதம்வரை பிள்ளை நன்றாகப் படித்து எழுதியிருக்கிறாளே," என்றார். தாளையும் தர்ஷினியையும் மாறி மாறிப் பார்த்தார்.

நம்பரை மாற்றி அது கண்ணுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தார் தலைமையாசிரியர். இதோ, ஆகிக்கொண்டிருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. இத்தனை படித்தவர் நரம்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு தனியாக வந்து மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளலாம், அம்மாவின் முன்னால் வேண்டாம் என்றும் தோன்றியது. மருத்துவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். அந்தப் பேனாவைப் பார்த்ததும்தான் பதறிக்கொண்டு பேசினேன்.

இது அவளுடைய புள்ளி இல்லை, நான் போட்டது என்று மலாயில் சொன்னேன். அவள் இரண்டு சோதனைகளும் எழுதவில்லை, முதல் எண் மட்டும்தான் உண்மை, மற்ற இரண்டையும் நம்பாதீர்கள். அவசரத்தில் ஒன்றையே இரண்டு தடவை சொன்னேன். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. எழுதியதை ஒரே கோடாக அடித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். போனை எடுத்து அறுவை சிகிச்சைப் பிரிவைக் கூப்பிட்டார்.

அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். எல்லாம் புரிந்திருந்தது. வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். தர்ஷினியைத் தாதி ஒருவர் வேறு பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தார். அம்மா அப்போதுதான் தலைத்தொப்பியைக் கழற்றினார். என்னிடம் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவ சோதனைக்கு வரலன்னு எனக்குத் தெரியாது டீச்சர். தெனம் ஸ்கூலுக்குப் போறான்னுதான் நெனச்சேன்."

"தெரியும்மா."

"ஆண்டு ஆரம்பத்துல மொத சோதனைக்கு வரலல்ல. அன்னைக்கு எனக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தா போதும்லா டீச்சர். ஒரு ஃபோன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நடைபாதையில் நின்ற நேரம்தான் என் முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் நான் மிகவும் வெட்கப்பட்ட நேரம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியரிடம் போய், நேற்றுச் சொன்ன 'சரி'யைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் சார் என்றேன். மருத்துவர் அறையில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "கடிதத்த எழுதுங்க. என் பேர மொதல்ல போடுங்க," என்றார். நண்பகல்வரை இருவருமாக உட்கார்ந்து எல்லா வகுப்புகளிலும் நேர்கோடுகளைத் தேடினோம். ஆசிரியர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். யாரும் சிரிக்கவில்லை. தர்ஷினியைத் தவிர இன்னும் ஒன்பது பிள்ளைகள். பழைய சோற்றை எடுத்துவிட்டு 'வரவில்லை' என்று குறித்து, பெற்றோர் கடிதம் பின்னால் வரும் என்று எழுதினோம், ஒன்பது வீடுகளுக்கும் போன் போட்டோம். ஏழு வீடுகளில் காய்ச்சல், கல்யாணம், திருவிழா என்று சாதாரணக் காரணங்கள். இரண்டு வீடுகளில் அப்படி இல்லை. அவை அந்தக் குடும்பங்களின் கதை, இங்கே சொல்லமாட்டேன். தர்ஷினியின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று இரண்டு தடவை விழுந்ததும் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பட்டியலை அனுப்பினோம்.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். இலாகாவில் இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை என் கோப்பிலேயே வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றேன். தர்ஷினிக்கு அடுத்த வாரமே அறுவை சிகிச்சை நடந்தது. வலது கண் தப்பியது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்திருந்தால் இடது கண்ணும் தப்பியிருக்குமா என்று மருத்துவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இன்றுவரை பயமாகத்தான் இருக்கிறது.

அவளை வேறு பள்ளிக்கு யாரும் அனுப்பவில்லை. ஆலோசகர் வந்து பார்த்தார், பெரிய எழுத்தில் தாள் தயாரித்துக் கொடுத்தார்கள், முன்வரிசையில் கூட்டாளியின் பக்கத்திலேயே உட்கார வைத்தோம். அடுத்த சோதனையில் கணிதத்தில் நாற்பத்தொன்று எடுத்தாள். எனக்கு அந்த நாற்பத்தொன்றைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. அவளே உட்கார்ந்து எழுதி எடுத்தது.

உங்களுக்கும் அறிக்கை மூடாது. உங்களையும் அவசரப்படுத்துவார்கள், கூட்டத்தில் எழுந்து நிற்க வைப்பார்கள். பக்கத்து மேசைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொல்லித்தருவார். அவரும் நல்லவராகத்தான் இருப்பார். சிவப்பாக வருகிற பிள்ளையை மென்பொருள் உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். காலிக் கட்டத்துப் பிள்ளையை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும், அதுவும் அன்றைக்கே.

போன மாதம் ஆயர் குரோவில் ஒரு பேரங்காடியில் தர்ஷினியையும் அவள் அம்மாவையும் பார்த்தேன். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள், என்னைவிட உயரம். மறந்துபோய் அவளுக்கு இடப்பக்கமாகப் போய் நின்று கூப்பிட்டுவிட்டேன். கூட்டத்தின் இரைச்சலில் குரல் வந்த திசை தெரியாமல், வலது கண் காட்டிய பக்கமெல்லாம் தேடினாள். அம்மாதான் அவள் தோளைத் தொட்டுக் காட்டினார். நான் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சோதனைக்கெல்லாம் ஒழுங்காப் போறியா?"

"போறேன் டீச்சர். போன சோதனைக்கு மட்டும் போவல. காய்ச்சல். நெசமாவே காய்ச்சல்."

எனக்குச் சட்டென்று பழைய பயம் வந்துவிட்டது. "அப்ப உனக்கு என்ன மார்க்கு போட்டாங்க?"

"ஒன்னும் போடல டீச்சர்," என்றாள். "அன்னைக்குக் காலையிலேயே அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.